மக்காச்சோளக் காட்டின் ‘டிக் டிக்’: இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென் மாவட்டங்களில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தும் ஆசிரியர் பெருமக்களுக்கு,



உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் கோவில்பட்டிப் பக்கம் ரேடியோ, டேப், டிவி பழுது பார்த்தவன். பட்டப்படிப்பு கிடையாது, அமெச்சூர் ரேடியோ உரிமம் உண்டு. அதை நம்பி அவ்வப்போது பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகக் கூப்பிடுகிறார்கள். போன முறை ஒரு கண்காட்சியில் பார்த்ததுதான் இதை எழுத வைத்தது.

ஒரு மேஜையில் தெர்மாக்கோல் பூமி. சுற்றிலும் சிவப்பு சீரியல் பல்பு. மேலே அட்டையில் ‘பூமியின் இதயத்துடிப்பு 7.83 ஹெர்ட்ஸ்’ என்று கொட்டை எழுத்து. அந்தத் துடிப்பு இப்போது 36 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டதாம். அதனால்தான் மனிதர்களுக்குத் தூக்கம் கெடுகிறதாம். பதினோராம் வகுப்புப் பிள்ளை தண்ணீர் பட்ட பாடாக ஒப்பித்தாள்.

“யாரும்மா இதை அளந்தது?” என்று கேட்டேன்.

“நெட்ல இருக்கு சார்.”

“எதை வெச்சு அளப்பாங்க?”

பிள்ளை ஆசிரியரைப் பார்த்தாள். ஆசிரியர் கூரையைப் பார்த்தார். அடுத்த வரிசையில் இன்னும் இரண்டு மேஜைகளில் இதே பூமி, இதே துடிப்பு.

நான் மதிப்பெண் குறைக்கவில்லை. பிள்ளைகள் மேல் என்ன தப்பு? வாட்ஸ்அப்பில் வந்ததை நாம்தான் ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டோம்.

விஷயம் முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் தள்ளிவிடலாம். பாதி உண்மையாக இருப்பதுதான் தொல்லை. மின்னல் வெட்டும்போது வெளிச்சமும் இடியும் மட்டும் வருவதில்லை, ரேடியோ அலையும் வருகிறது. மழைக்காலத்தில் மீடியம் வேவ் ரேடியோவில் ‘கர்ர்ர்’ என்று கேட்குமே, அதுதான். அந்த அலைகளில் மிகமிகத் தாழ்ந்த அதிர்வெண் உள்ளவை தரைக்கும் மேலே உள்ள அயனிமண்டலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து தம்மோடு தாமே கூடிக்கொள்ளும் என்று 1952இல் ஜெர்மானிய அறிஞர் ஷூமன் கணக்குப் போட்டுச் சொன்னார். கணக்கைக் கரும்பலகையிலேயே போடலாம். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர், வகுத்தால் 7.5. இவ்வளவு கிட்டத்தில் வருவதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. கோளத்துக்குரிய முறையான சூத்திரத்தில், இழப்பே இல்லாத கூடு என்று வைத்துப் போட்டால் 10.6 வரும். அயனிமண்டலம் அவ்வளவு நல்ல கண்ணாடி இல்லை, அலையைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது, ஆகவே 7.8 பக்கத்துக்கு இறங்குகிறது. 1960இல் அமெரிக்காவில் பால்சர், வாக்னர் என்ற இருவர் இதை அளந்தே காட்டினார்கள்.

7.8 மட்டும் அல்ல. 14, 20, 26, 33 என்று அதன் மேல் வரிசையும் உண்டு. அவை எல்லாம் என்றைக்கும் இருந்தவை. ரஷ்யாவின் தோம்ஸ்க் பல்கலைக்கழகம் இந்த அதிர்வுகளை ஒரு நிறப்படமாக வெளியிடுகிறது. அதில் கிடைமட்டம் நேரம், செங்குத்து 0 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை, நிறம் என்பது பலம். சில நாள் படம் முழுக்க வெள்ளைப் பட்டையாக விழும். பலம் கூடியிருக்கலாம், பக்கத்தில் ஏதோ குறுக்கீடு வந்திருக்கலாம். அந்தப் பட்டை உச்சியைத் தொடுவதைப் பார்த்துவிட்டு, துடிப்பு அங்கே ஏறிவிட்டது என்று யாரோ எழுதிவிட்டார்கள். உண்மையில் முதல் அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸில் சில பத்தில் பங்குதான் இப்படி அப்படி ஆடும். நாளுக்கு நாள் நன்றாக மாறுவது அதன் பலம். உலகில் எங்காவது ஒரு நொடிக்குச் சுமார் 45 மின்னல் வெட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தந்த ஊர் பிற்பகலில் அதிகம். நம் கடிகாரப்படி மதியம் ஒன்றரை வாக்கில் இந்தோனேசியப் பக்கம், இரவு ஏழரை வாக்கில் ஆப்பிரிக்கா, நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு அமேசான் என்று மூன்று முறை பலம் கூடிக் குறையும். வெப்பமண்டலம் சூடேறினால் மின்னல் கூடும், மின்னல் கூடினால் இந்தப் பலம் கூடும், எனவே இதை ஓர் உலகத் தெர்மாமீட்டராக வைத்துக்கொள்ளலாம் என்று 1992இல் ஏர்ல் வில்லியம்ஸ் எழுதினார். தெர்மாக்கோல் பூமிக்குப் பக்கத்தில் எழுதத் தகுந்த செய்தி அது.

ஆனால் இதைப் பள்ளியில் அளக்க முடியுமா? முடியாது. அதன் காந்தப்புலம் சுமார் ஒரு பிக்கோடெஸ்லா. நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அதாவது நாலு கோடியில் ஒரு பங்கு. சிறப்பு உலோக உள்ளகத்தில் பல்லாயிரம் சுற்று சுற்றிய காயில் வேண்டும். அதை மண்ணில் புதைக்கவும் வேண்டும். காற்றில் இலேசாக ஆடினாலே பூமியின் சொந்தக் காந்தப்புலத்தை வெட்டி, தானே ஒரு பொய்ச் சமிக்ஞையை உண்டாக்கிவிடும்.

அதனால் ‘இதயத்துடிப்பை’ ஒதுக்கி வையுங்கள். அதே மின்னல் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே பேசுகிறதே, அதைக் கேட்க அரை கிலோ செம்புக் கம்பி போதும்.

நான் முதலில் கேட்டது 2012இல். அந்த வருடத்து மின்வெட்டு உங்களுக்கு மறந்திருக்காது. ஊரே வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தபோது, நான் மொட்டை மாடியில் ஒரு மரச் சட்டத்தோடு நின்றேன். மீட்டருக்கு மீட்டர் சதுரம். மோட்டார் காயில் கட்டும் கடையில் நிறுத்து வாங்கிய 24 கேஜ் எனாமல் கம்பி, ஐம்பது சுற்று. ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஆடியோ ஆம்ப்ளிஃபயர். ஒரு ஹெட்ஃபோன். டியூனர் கிடையாது, டயோடு கிடையாது. இந்த அலைகளின் அதிர்வெண்ணே நம் காது கேட்கும் எல்லைக்குள் இருப்பதால், அவற்றை மின்சாரமாக்கி ஹெட்ஃபோனில் விட்டாலே ஒலியாகிவிடும். இவை ஒலி அலைகள் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு மூன்று தரமாவது சொல்லுங்கள். காற்றில் வருவது ரேடியோ அலை. ஹெட்ஃபோனில்தான் அது சத்தமாகிறது.

மின்சாரம் இருக்கும்போது அந்தச் சட்டத்தில் கேட்பது ஒன்றே ஒன்று: ‘உம்ம்ம்’. ஐம்பது ஹெர்ட்ஸும் அதன் பிள்ளைகுட்டிகளும். அன்றைக்குத் தெரு அணைந்ததும் உம் அடங்கியது. பக்கத்து ஃபீடரிலிருந்து கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. சட்டத்தைத் திருப்பத் திருப்ப அதுவும் தேய்ந்தது. அப்புறம், எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு படபடப்பு. வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஒவ்வொரு பொரியும் நூற்றுக்கணக்கான, சில ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்த மின்னல். கொஞ்ச நேரம் காது பழகியதும் இன்னொன்று பிடிபட்டது. சில பொரிகள் ‘டப்’ என்று முடியாமல், பாதிக் கிணற்றில் கல் விழுந்த மாதிரி, ‘ட்யூவ்’ என்று வால் நீட்டின. ‘ட்வீக்’ என்று இவற்றுக்குப் பெயர்.

இந்த ட்வீக்கைத்தான் உங்கள் மேஜைக்குப் பரிந்துரைக்கிறேன். தரை ஒரு தளம், அயனிமண்டலம் ஒரு கூரை. அலை இரண்டுக்கும் நடுவே மோதி மோதிப் போக வேண்டுமானால், அதன் அரை அலைநீளமாவது அந்த உயரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காதது அந்த வழியில் போகாது. மட்டுமட்டாக அடங்குவது தள்ளாடித் தள்ளாடித் தாமதமாக வந்து சேரும். ஒரே மின்னலில் ஒன்றாகப் புறப்பட்டவை அப்படித்தான் வால் போல் நீள்கின்றன. ஹெட்ஃபோனுக்குப் பதிலாக மடிக்கணினியில் சுருக்காத கோப்பாகப் பதிந்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் போட்டுப் பாருங்கள். சாதாரணப் பொரி நெட்டுக்குத்தான கோடு. ட்வீக் என்றால் கோட்டின் அடியில் தூண்டில் முள் போல ஒரு வளைவு. அந்த வளைவு எந்த அதிர்வெண்ணில் படுத்துவிடுகிறது என்று பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். 1,700 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சத்தை 1,700ஆல் வகுத்து, பாதியாக்கினால் 88. வானத்தின் கூரை அன்றிரவு 88 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது என்பதைக் கோவில்பட்டியில் ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளை ராக்கெட் விடாமல், மரச் சட்டத்தை வைத்து அளந்துவிட்டாள். பகலில் இது கேட்காது. சூரிய வெளிச்சத்தில் கூரைக்குக் கீழே இன்னோர் அடுக்கு உண்டாகி, இந்த வாலை விழுங்கிவிடும். ஏன் கேட்கவில்லை என்பதையும் பாடமாக நடத்தலாம்.

இவ்வளவு பேசுகிற நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி. மாடி வேண்டாம் என்று ஊருக்கு வெளியே கரிசல் காட்டில், மின்கம்பம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார ஆரம்பித்திருந்தேன். முதல் இரவே பொரிகளுக்கு நடுவில் ‘டிக்... டிக்... டிக்...’. துல்லியமான இடைவெளி. மறுநாளும். அதற்கு மறுநாளும். ஒரு இரவு சுற்றுவட்டாரத்திலேயே மின்சாரம் இல்லை. அப்போதும் ‘டிக் டிக்’ நிற்கவில்லை. மின்சாரம் இல்லாதபோதும் கேட்கிறது என்றால் மனிதன் உண்டாக்கியதாக இருக்க முடியாது என்று நானே தீர்ப்பு எழுதினேன். ஒன்றேகால் நொடிக்கு ஒன்று வீதம் மூன்று வாரப் பதிவு சேர்த்தேன். வரைபடம் போட்டேன். ரேடியோ நண்பர்களுக்கு ‘இதுவரை யாரும் பதிவு செய்யாத ஒன்று’ என்று அனுப்பியும் விட்டேன். ஒருவர் வாழ்த்தே சொன்னார்.

தை பாதியில் ஒரு நாள் ‘டிக் டிக்’ இல்லை. பேட்டரி பார்த்தேன், கம்பி பார்த்தேன், பற்றவைத்த இடமெல்லாம் பார்த்தேன். கருவி நன்றாகத்தான் இருந்தது. வரப்பில் போன காட்டுக்காரரிடம், இங்கே ஏதாவது மாற்றினீர்களா என்று சும்மா கேட்டு வைத்தேன்.

“வேலிக்கு கரண்ட கழட்டியாச்சு அண்ணாச்சி. கருது ஒடிச்சாச்சுல்லா.”

காட்டுப்பன்றிக்காக மக்காச்சோளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சோலார் வேலி. பகலில் பேட்டரி ஏறும். இரவெல்லாம் ஒன்றேகால் நொடிக்கு ஒரு தரம் கம்பியில் மின்னதிர்வு விடும். நான் நூறு கெஜம் தள்ளி உட்கார்ந்து அதைத்தான் பிரபஞ்சத்தின் குரல் என்று பதிவு செய்திருக்கிறேன். இயற்கை இவ்வளவு நேரம் தவறாமல் அடிக்குமா என்று முதல் இரவே கேட்டிருக்க வேண்டும். எனக்கோ அது சமிக்ஞையாக இருக்க வேண்டும் என்ற ஆசை முந்திக்கொண்டது.

என்னைப் போன்ற மெக்கானிக்குக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை இது. 1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவில் லோமா பிரியெட்டா என்ற இடத்தில் 6.9 அளவில் நிலநடுக்கம். மையத்திலிருந்து ஏழே கிலோமீட்டரில், கோரலிட்டோஸ் என்ற ஊரில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃப்ரேசர்-ஸ்மித் குழு தாழ் அதிர்வெண் காந்த அலைகளை அளக்கும் ஒரு காயிலை வேறு வேலைக்காக வைத்திருந்தது. நடுக்கத்துக்குச் சுமார் பன்னிரண்டு நாள் முன்பே இரைச்சல் ஏறத் தொடங்கி, கடைசி மூன்று மணி நேரத்தில் தாறுமாறாக எகிறியிருந்தது அதில். 1990இல் வெளியான அந்தக் கட்டுரையை நம்பி, நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல வழி பிறந்துவிட்டதென்று உலகமெங்கும் காயில் நட்டார்கள். பிரான்ஸ் 2004இல் டெமிட்டர் என்று ஒரு செயற்கைக்கோளையே அனுப்பியது. அதே 2004இல் கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 6.0 அளவில் நடுங்கியது. சுற்றிலும் கருவிகள் காத்துக் கிடந்தும், அப்படிப்பட்ட முன்னறிகுறி எதுவும் பதிவாகவில்லை. 2009இல் தாமஸ், லவ், ஜான்ஸ்டன் ஆகிய மூவர் கோரலிட்டோஸ் பதிவை எடுத்து, அதே நாட்களில் மற்ற இடங்களில் பதிவானவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கருவி கோளாறாகியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் முடிவு.

இருபது வருடம்! அந்தக் குழுவை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தங்கள் தரவை ஒளிக்காமல் வைத்திருந்ததால்தான் மற்றவர்கள் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஆனால் ஒரே ஒரு கருவி, ஒரே ஒரு இடம், ஒரே ஒரு முறை என்பதன் மேல் எவ்வளவு பெரிய மாடி கட்டப்பட்டது பாருங்கள். நிலநடுக்கத்துக்கு முன் அலை வருகிறது என்று உங்கள் மாணவர் அட்டை எழுதினால், இந்தக் கதையின் இரண்டாம் பாதியையும் எழுதச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான கதை நம் நாட்டிலேயே உண்டு; எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். பம்பாய் கொலாபாவில் 1841 முதல் பூமியின் காந்தப்புலத்தை அளந்து வந்தார்கள். நகரத்துக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. அந்த மின்னோட்டம் தரையில் கசிந்து காந்த ஊசியை ஆட்டிவிடும் என்று அங்கே இயக்குநராக இருந்த நானாபாய் மூஸ் உணர்ந்தார். டிராம் வருகிறவரை காத்திருக்கவில்லை. கடலுக்கு அந்தப்பக்கம் அலிபாகில், காந்தத்தன்மை இல்லாத கல்லாகத் தேடி போர்பந்தரிலிருந்து தருவித்து, இரும்பாணி கலக்காமல் புதிய ஆய்வுக்கூடம் எழுந்தது. 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் அளந்தார்கள்; புது இடத்துக் கணக்கும் பழைய இடத்துக் கணக்கும் ஒட்டிப்போக வேண்டுமே. டிராம் ஓடத் தொடங்கியது 1907இல். அலிபாக் இன்றும் அளந்துகொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் மூஸின் புத்தியில் கால்வாசி இருந்திருந்தால், காயிலைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு இரவு நாலு கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பேன். ‘டிக் டிக்’ அங்கேயே செத்திருக்கும்.

நெல்லைக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. உங்கள் ஸ்பெக்ட்ரோகிராமில் 18.2 கிலோஹெர்ட்ஸ் அருகே விடாமல் ஒரு தடித்த கோடு ஓடினால் பதறாதீர்கள். விஜயநாராயணத்தில் 1990 முதல் இருக்கும் கடற்படையின் கட்டபொம்மன் தளம், நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் அலை அது. மனிதன் அனுப்புவதுதான் என்றாலும் இயற்கையைத் துருவ அதைவிட நல்ல விளக்கு கிடையாது. சூரியனில் ஒரு வெடிப்பு நடந்தால் அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் வந்து அயனிமண்டலத்தின் அடிப்பக்கத்தை மாற்றிவிடும். தொலைதூரத்தில் இந்த அலையின் பலம் சட்டென்று மாறிக் காட்டிக்கொடுக்கும். 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம் பல ஊர்களில் ஏற்பிகளை வைத்து இதே அலையைக் கவனித்தது. ஆனால் வள்ளியூரிலும் நாங்குநேரியிலும் இருப்பவர்களுக்கு இது உதவாது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கு அடியில் நிற்பவருக்கு எதிரொலி எங்கே கேட்கும்? இந்தச் சோதனையைச் சென்னைப் பள்ளிகளுக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. யூடியூபில் ‘விசிலர்’ என்று தேடினால், உச்சத்திலிருந்து சறுக்கி இறங்கும் விசில் சத்தம் கேட்கும். காதுக்கு அவ்வளவு சுகம். முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட ஜெர்மானியர்களுக்கு இது குறுக்கே வந்தது. பீரங்கிக் குண்டு பறக்கும் ஓசை என்றே வீரர்கள் நினைத்தார்களாம். அவர்களோடு இருந்த பார்க்ஹவுசன் என்ற இயற்பியலாளர் அதைப் பற்றி 1919இல் எழுதினார். கேம்பிரிட்ஜில் ஸ்டோரி என்ற ஆராய்ச்சி மாணவர் 1953இல் முடிச்சை அவிழ்த்தார்: மின்னலின் அலை பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்கு ஏறி, எதிர் அரைக்கோளத்தில் இறங்குகிறது, போகிற வழியில் உயர்ந்த அதிர்வெண் முந்துகிறது, தாழ்ந்தது பிந்துகிறது. நம் நாட்டில் குல்மார்க், நைனிடால், வாரணாசியில் பதிவாகியிருக்கிறது. நம் பக்கம் எதிர்பார்க்க வேண்டாம். காந்த நடுக்கோடு நம் தலைக்கு மேலேயே போகிறது. இங்கே காந்தக் கோடு தரைக்குப் படுக்கையாக இருப்பதால், அலை ஏறிப்போக ஏணி இல்லை. தும்பாவை ராக்கெட் விட இடமாகத் தேர்ந்ததற்கும் அதே நடுக்கோடுதான் காரணம். ஒன்று கிடைத்தால் ஒன்று கிடைக்காது.

சரி, என்ன செய்யலாம் என்கிறேன்? மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள், பேப்பரில் முதல் நாளே அறிவிப்பு வரும். அன்றைக்கு மைதானத்தில் ஒரு மணி நேரம் பொரிகளைப் பதியுங்கள். மின்சாரம் உள்ள இன்னொரு நாள் அதே இடத்தில் பதியுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாலே அது ஒரு கண்காட்சி மேஜைக்குத் தாங்கும். இரவுப் பதிவுக்குப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போக வேண்டாம். பெற்றோரோடு மொட்டை மாடி போதும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். முக்கியமாக, இடி காதில் கேட்டால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட வேண்டும். நமக்கு வேண்டியது சுமத்ராவின் மின்னல். தலைக்கு மேல் இருப்பது வேண்டாம். ஐப்பசியில் புனே வானிலை நிறுவனத்தின் தாமினி செயலியை ஒரு தரம் பார்த்துவிட்டே வெளியே இறங்குங்கள். மின்னல் விழுந்த இடத்தை அவர்கள் கண்டுபிடிப்பதும் இதே ரேடியோ பொரிகளைப் பல ஊர்களில் பிடித்து, வந்து சேர்ந்த நேரத்தை ஒப்பிட்டுத்தான்.

அட்டையில் மூன்றாவதாக ஒரு பத்தி இருக்கட்டும்: ‘இது வேறு எதுவாக இருந்திருக்கலாம்?’ நான் நடுவராக வந்தால் முதலில் அந்தப் பத்தியைத்தான் படிப்பேன்.

என் சட்டம் வீட்டில் சும்மாதான் நிற்கிறது. மூலையில் ஒரு இடத்தில் எனாமல் உரிந்திருக்கிறது, மற்றபடி நன்றாக வேலை செய்யும். எந்தப் பள்ளியாவது கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்; பஸ்ஸில் ஏற்ற மட்டும் கொஞ்சம் சிரமம், நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். கருது ஒடித்து முடிந்த பிறகு கூப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
கடை மூடிய பிறகும் கை சும்மா இருக்காத ஒரு ரேடியோ மெக்கானிக்